வாலிகண்டபுரத்தில் என் பெயர்

இன்று காலை இந்தக் கோடையின் கடைசி நோட்டீஸ் கட்டைப் பிரித்ததும் அந்த மை வாசனை குப்பென்று அடித்தது. மஞ்சள் தாள், பச்சை எழுத்து, டை கட்டிய குழந்தை ஒன்று சிரிக்கிற படம். எல்லாம் போன வருஷத்தது மாதிரியேதான். நீ இருந்திருந்தால் ஒவ்வொரு கட்டுக்கும் செய்கிற மாதிரி இதையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "வந்துருச்சுடி நம்ம கோடை லீவு" என்று சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டீச்சர் வேலை என்றால் மே மாதம் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருக்கலாம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. தனியார் பள்ளி டீச்சருக்கு ஏது லீவு? ஏப்ரலில் பரீட்சைத் தாள் கட்டு, மே மாதத்தில் நோட்டீஸ் கட்டு. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வாரம், வாலிகண்டபுரம் பக்கம் ஒரு வாரம் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, "உங்க புள்ளைய எங்க ஸ்கூல்ல சேருங்க" என்று கெஞ்ச வேண்டும். சேர்க்க வருகிறவர்களிடம் ஆபீசில் முதலில் கேட்கிற கேள்வியே, "எந்த டீச்சர் சொல்லி வந்தீங்க?" என்பதுதான். அவர்கள் எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அந்த டீச்சர் கணக்கில் அந்தப் பிள்ளை. பத்துப் பிள்ளை கொண்டுவராதவர்கள் ஜூனில் கையெழுத்துப் போட வர வேண்டாம் என்று கரஸ்பாண்டென்ட் வருஷா வருஷம் சொல்வார். சொன்னபடி செய்தும் இருக்கிறார்.

போன வருஷம் மே கடைசியில் நீ பத்தையும் முடித்துவிட்டாய். எனக்கு இரண்டோடு நின்றுகொண்டிருந்தது. அதற்குள் நான் ஓய்ந்து போயிருந்தேன். என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமென்ட் லோடு ஓட்டுகிறவர், எந்த நேரம் வருவார் எந்த நேரம் போவார் என்பது எனக்கே தெரியாது. வீடு, சமையல், பிள்ளைகள், மாமியாரின் மாத்திரை எல்லாம் என் தலையில். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, உன்னிடம் அழுதேன். "ரெண்டு நாள் தூங்கணும்டி. வேற எதுவும் வேணாம், தூங்குனா போதும்" என்றேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை உனக்குத் திருச்சியில் நெஞ்சுப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். மாடி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கியது. சாயந்திரத்தில் கால் வீங்கியது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன் எதிரே நின்று அழுதேன்.

"நீ செந்துறைக்கு உங்கம்மா வூட்டுக்குப் போ. வாலிகண்டபுரத்த நான் பாத்துக்கறேன்" என்றாய்.

"உனக்கு ஆஸ்பத்திரி இருக்கேடி."

"டாக்டரு எங்க ஓடிடப் போறாரு? ஸ்கூல் தொறந்தப்பறம் ஒரு சனிக்கிழம போயிக்கிறேன். மூஞ்சியத் தொடச்சிக்கிட்டுக் கெளம்பு, டீக்கடக்காரரு நம்மளையே பாக்குறாரு."

ஒரு தடவை மறுத்தேன். இரண்டாவது தடவை மறுக்கவில்லை. செந்துறையில் இரண்டு நாளும் மின்விசிறிக்குக் கீழே அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்தால் அம்மா பலாச்சுளை கொடுப்பாள், தின்றுவிட்டு மறுபடி படுப்பேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. சனியன் பிடித்த அந்தத் தூக்கம் அவ்வளவு சுகமாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பள்ளி திறந்த திங்கட்கிழமை வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆபீசில் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி, "செல்வி டீச்சர் சொன்னாங்க" என்கிறார்கள். நான் அந்த ஊருக்குப் போகவே இல்லையே! நீதான் ஒவ்வொரு வாசலிலும் உன் பெயரைக் கேட்டவர்களிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அசெம்பிளியில் கரஸ்பாண்டென்ட் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "செல்வி டீச்சரப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். நீ மூன்றாவது வரிசையில் நின்று எல்லோரையும் விட பலமாகக் கைதட்டினாய். இறங்கி வந்ததும் என் கையைக் கிள்ளி, "வாயத் தொறந்தேன்னா ரெண்டு பேருக்கும் வேல போயிரும், சும்மா இரு" என்றாய்.

சும்மா இருந்தேன். உனக்குப் பயந்தல்ல, வேலை போய்விடுமோ என்று பயந்து.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாய். மறுநாள்தான் நீ சொன்ன சனிக்கிழமை.

இன்று வரை உன் வீட்டுப் படி ஏற எனக்கு முகமில்லை. உன் பையன் இந்த வருஷம் என் வகுப்புக்கு வருகிறான். அவன் "மிஸ்" என்று கூப்பிடும்போது நான் என்ன செய்யப்போகிறேனோ தெரியவில்லை.

உன்னைப் பறிகொடுத்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டாமா எனக்கு? வரவில்லை. இந்தக் கோடையும் அப்படியே போய்விட்டது. மகளுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். நேற்று அவள் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே, "விடும்மா, ஸ்கூல் தொறந்தப்பறம் ஒரு சனிக்கிழம போவோம்" என்றாள். அப்படியே நீ சொன்ன வார்த்தை. கேட்டும் என்ன செய்தேன்? இன்று காலை சோறு வடித்து வைத்துவிட்டுக் கிளம்பித்தான் வந்தேன். எனக்கு இன்னும் மூன்று பிள்ளை குறைகிறது.

வாலிகண்டபுரத்தில் போன வருஷம் நீ நடந்த தெருக்களில் நான் நடப்பது இதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் பின்னால் ஒரு வாசலில் ஓர் அம்மா சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். நோட்டீஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க அந்த ஸ்கூலா? போன வருஷம் செல்வி டீச்சர்னு ஒருத்தங்க வந்தாங்க. ஐயோ பாவம், மூச்சு வாங்குது, பேச முடியல. இங்கனதான் ஒக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாங்க. செத்த நேரம் படுத்துட்டுப் போங்கன்னேன். இன்னும் நாலு தெரு இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. சின்னவன அடுத்த வருஷம் உங்ககிட்டதான் சேப்பேன்னு அவங்ககிட்ட சொல்லியிருந்தேன். நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க" என்றேன்.

"உங்க பேரு என்னங்க? ஆபீஸ்ல கேப்பாங்களாமே."

உன் பெயரைச் சொன்னேன்.

மறந்துவிடக் கூடாதென்று அந்த அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டேன். திங்கட்கிழமை சின்னவனைக் கூட்டிக்கொண்டு வருவார். "எந்த டீச்சர் சொல்லி வந்தீங்க?" என்று கேட்பார்கள், அவரும் உன் பெயரைச் சொல்வார். நான் பக்கத்திலேயேதான் நிற்பேன். அன்றைக்காவது வாயைத் திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.