நம்ம பக்கம்

செவ்வாய், பௌர்ணமி

மஸ்கட்டை விட்டு வரும்போது கப்பலில் ஏற்றிய என் கார் சென்னைத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. மதியம் ஏஜென்ட் போனில் கத்தினார்.

"ஸ்டியரிங் லெஃப்ட்ல இருக்குதுங்க! இங்க வுடமாட்டாங்க, திருப்பி அனுப்பணும்றாங்க. எந்தப் பக்கம்னு அன்னிக்கே கேட்டேனே? நம்ம பக்கம்தான்னு சொன்னீங்களே?"

சொன்னேன்தான். பதினெட்டு வருடம் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவன் வேறென்ன சொல்வேன்? அவர் இந்த ஊரை நினைத்துக் கேட்டிருக்கிறார்.

உடனே சென்னைக்கு ஓடலாமென்றால் கிரிவலக் கூட்டம். பஸ் ஸ்டாண்டையே நெருங்க முடியவில்லை. வீட்டில் ஷமீமிடம் எப்படிச் சொல்வது? கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, அவள் வைத்து வளர்த்த கொய்யா மரத்தைப் போன வாரம்தான் வெட்டவைத்தேன். "கார் என்னிக்குங்க வருது?" என்று இன்றைக்கே மூன்று முறை கேட்டுவிட்டாள். வந்துடும் என்றேன்.

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். "மச்சான், என் வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்று சாவியைக் கொடுத்தான். கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியை நீட்டினேன். எதிரே ஸ்டியரிங் இல்லை.

வாசலில் நின்ற ஷமீம் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருங்க ஓட்டப் போறாங்க?"

நானும் சிரித்து வைத்தேன்.