வயது எழுதாத படிவம்

அக்காவுக்கு,

உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் வேலை அல்ல.

புதுக் குழாய்த் தண்ணீர் வந்த தெருக்களில் காய்ச்சல் கூடியதா என்று சோதித்தவள் நான்தான். மற்றத் தெருக்களோடு உள்ள வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளிக்குள் பூஜ்யம் மயிரிழையில் அகப்பட்டது; அது உள்ளே இருந்தால் வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். “கூடியதற்கு ஆதாரம் இல்லை” என்று கையெழுத்துப் போட்டேன். குழாயை யாரும் மூடவில்லை.

காய்ச்சல் விவரம் கேட்டு வீடுகளுக்குக் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். ஒதுக்கியவற்றை நேற்றுப் புரட்டினேன். ஒன்று, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீ நிரப்பியது.

“ஒரு வயசே ஆகலையே, வயசுன்னு என்னத்த எழுதுறது?” என்று அன்று போனில் கேட்டாய்.

“அப்படியே விட்டுடுக்கா” என்றேன்.

இன்று அங்கே பூஜ்யம் எழுதிச் சேர்த்து, சோதனையை மறுபடி ஓட்டினேன். இடைவெளியிலிருந்து பூஜ்யம் வெளியே போய்விட்டது.

குழாயை மூடச் சொல்லிவிட்டேன். நீ இன்னும் தொட்டிலைக் கழற்றவில்லை என்று அம்மா சொன்னாள்.

உன் தங்கை