ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வராதே

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.

அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அம்மாவும் நானும் சுகம், டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை ஷெர்வினும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். தலைப்பிரசவத்துக்கு வா, ஆனால் இந்த வீட்டுக்கு வராதே.

கோபப்படாமல் படி. நீ படுத்த மரத்தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, புது பெயிண்ட் அடிக்கலாம் என்று, வெளியே மழையாக இருந்ததால் ஹாலிலேயே வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அப்படியே கீழே நம் பெயிண்ட் கடைக்குப் போனால், பெயிண்ட் வாங்க வந்த குழந்தை டாக்டரம்மா என் சட்டையில் பச்சைத் தூளைப் பார்த்து, பழைய எனாமலா அங்கிள், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கா என்று கேட்டார். இனிமேல்தான் வரப்போகிறது என்றேன், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசியைச் சோதித்துப் பாருங்கள் என்றார். தூசியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், ஈயம் ஏகமாக இருக்கிறதாம். தவழும் பிள்ளை தரையைத் தொட்டு விரல் சூப்பினாலே உள்ளே போய்விடுமாம், அப்போது ஒன்றும் தெரியாது, பேச்சும் படிப்பும் பின்தங்கும்போதுதான் தெரியுமாம். தாயின் ரத்தம் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமாம்.

அம்மா கேட்கவில்லை. ஆஞ்சலா அந்தத் தொட்டில் சட்டத்தைக் கடித்துத்தான் பல் முளைத்தாள், அவள் கனடா போகவில்லையா, பெயிண்ட் விற்கிறவருக்கே பெயிண்டைக் கண்டு பயமா என்கிறாள். ஒரு டப்பா நன்றாக இருந்ததென்று லாரி முழுக்க இறக்குகிற ஆள் நான் இல்லை. சட்டத்தில் உன் பல் தடம் இன்னும் இருக்கிறது, அதைப் பார்த்ததிலிருந்து கல்லாவில் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து மாடிக்கு வந்து தரையைத் தடவிப் பார்க்கிறேன். ஈரத்துணியால் தினமும் துடைத்தும் மனசு ஒப்பவில்லை. தொட்டிலை எரித்தால் புகையிலும் அதேதான், பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிப் போட்டுவிட்டேன்.

லிங்கராஜபுரத்தில் புது வீடு ஒன்று வாடகைக்குப் பிடித்திருக்கிறேன், ஈயம் இல்லாத பெயிண்ட், என் கடையிலிருந்து போனதுதான். அம்மா உன்னோடு அங்கே இருப்பாள், அவள் இருக்கிற இடம்தானே தாய்வீடு. மாமியார் கேட்டால் அப்பாவின் பிடிவாதம் என்று சொல். ஏர்போர்ட்டிலிருந்து நேரே அங்கே போ, அம்மா கூப்பிட்டாலும் இங்கே ஐந்து நிமிஷத்துக்குக்கூட மாடி ஏறாதே. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்வாராக. கடை மூடி, குளித்து, வேறு சட்டை மாற்றித்தான் நான் அங்கே வருவேன். பேரப்பிள்ளையைப் பார்க்கிற அவசரத்தில் இந்த வீட்டுத் தூசி ஒட்டிய கடைச் சட்டையோடு கை நீட்டினால், அப்பா என்று பார்க்காதே, பிள்ளையைத் தராதே.

இப்படிக்கு,
உன் அப்பா யூஜின்