சூளைத் திடல் நமக்கே

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருஷம் ஆவணி 16, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான மகள் செங்கமலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி பாலனும் முருகன் புண்ணியத்தில் கை கால் சுகமாக இருக்கிறோம். மாயவரத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அபிராமியும் உன் மாமியாரும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நம் சூளைத் திடலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் விட்டுப்போயிற்று என்று யாரும் சொல்லக்கூடாது. நான், பக்கத்து வீட்டு இராஜம்மா, முனைக்கடை அப்துல் ஜலீல் பாயின் மனைவி ஜுபைதா, அவளுடைய மூன்று பெண்கள், எதிர்வரிசை மாரியாயி, நம் ரயில்வே வீடுகளிலிருந்து வந்த பெண்கள் பத்தொன்பது பேர், மலாய்க்காரர் குடியிருக்கும் ஆற்றங்கரைக் கம்பத்துப் பெண்கள் நாலு பேர், சீனத் தச்சரின் மனைவி ஒருத்தி, ஆக முப்பத்தொரு பேர். ஆண்பிள்ளை ஒருவர்கூட உள்ளே இல்லை. உன் அப்பாவும் பாலனும் கிளார்க்கு நாகையாவும் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று டவுன் ஆபீஸ் துரையே போர்டு எழுதி மாட்டியிருக்கிறார். நாம் ஜெயித்துவிட்டோம் செங்கமலம். எப்படி என்று சொல்கிறேன், நிதானமாகப் படி.

திடல் உனக்குத் தெரியாததா, செங்கல் சூளைக்கு மண் வெட்டின பள்ளம் தூர்ந்து புல் முளைத்த அதே முக்கோண இடம்தான், நடுவில் தூங்குமூஞ்சி மரம், ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் ஆறு. இந்த ஒற்றை அறை வீடுகளில் அடைந்து கிடக்கிற நமக்குக் கால் நீட்டிக் காற்று வாங்க வேறு இடம் ஏது. சித்திரையில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி அடித்திருந்தது. பலகை வியாபாரி ஒருவர் மரம் அடுக்க இடம் கேட்டிருக்கிறாராம், டவுன் ஆபீஸில் கொடுக்கப்போகிறார்களாம். உன் அப்பாவும் மற்ற ஆண்களும் நாகையாவை வைத்து இங்கிலீஷில் மனு எழுதிப் போட்டார்கள். வைகாசியில் பதில் வந்தது. டவுன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் மூன்று தடவை வந்து பார்த்தாராம், மூன்று தடவையும் இரண்டு ஆட்டைத் தவிர வேறு நடமாட்டமே இல்லையாம், ஒருவரும் புழங்காத இடத்துக்கு மனு எதற்கு என்று கேட்டிருந்தது. நாகையா படித்துச் சொன்னதும் ஆண்கள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நான் அடுப்படியில் நின்றபடியே, எத்தனை மணிக்கு வந்து பார்த்தாராம் என்று கேட்டேன். நாகையா காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூணு வாட்டியும் பதினோரு மணிக்குத்தான் அக்கா என்றார். பதினோரு மணிக்கு ஆண்கள் தண்டவாள வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெண்கள் உலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அந்த வெயிலில் திடலில் ஆடுதான் நிற்கும்.

அப்போதுதான் மாரியாயி ஒரு யோசனை சொன்னாள். மரத்தடியில ஒரு கல்ல நட்டு மஞ்சளப் பூசி வேப்பிலையச் சொருகி விட்டுருவோம் அக்கா, எந்தத் தொரை வந்து தொடுறான்னு பாப்போம், ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப இப்படித்தான் ரெண்டு மரத்த வெட்டவிடாமக் காப்பாத்தினோம் என்றாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், கார்த்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள் நான்தானே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கும்பிட வேண்டியவளைக் கொண்டுபோய் வேலிக்குக் காவல் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாரியாயிக்குக் கோபம் வந்துவிட்டது. தெனம் மணி அடிக்கிறவ நீ, சாமி காப்பாத்தும்னு ஒனக்கே நம்பிக்க இல்லேன்னா அந்த மணிய எங்கிட்டக் குடுத்துரு என்று எல்லார் எதிரிலும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் கல் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள், குங்குமம், வேப்பிலை எல்லாம் முறையாக வைத்திருந்தாள். உண்மையை எழுதுகிறேன், பார்த்ததும் என் கையும் தானாகக் குவிந்தது. ஆனால் சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா. பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளை அவரவர் தாய்மார், சாமி இருக்கிற இடத்துல உதைக்காதேடா என்று இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு விலக்காக இருந்தவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஜுபைதா ரோட்டிலேயே நின்று, நாங்க இனி எப்படிக்கா உள்ளார வர்றது, ஒங்க கோயிலாச்சே என்றாள். மலாய்ப் பிள்ளைகள் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். மூன்று நாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன், திடலில் அந்தக் கல்லும் இரண்டு ஆடும்தான். இன்ஸ்பெக்டர் எழுதினதை நாமே மெய்யாக்கிவிட்டோமே என்று நொந்துகொண்டேன். பலகை வந்தால் என்ன, கல் இருந்தால் என்ன, பிள்ளைகளுக்கு இடம் போனது போனதுதான்.

கல்லை எடுத்துவிடுகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். பூச நடந்த கல்லு, குடும்பத்துக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது என்று பயந்தார். எனக்கும் பயம்தான். அன்று இராத்திரி சாப்பிடாமல் படுத்து, திங்கட்கிழமை காலையில் தலை முழுகி, ஈரப்புடவையோடு போய்ச் சூடம் கொளுத்தினேன். குங்குமத்தைத் துடைத்தபோதுதான் கல்லின் ஒரு பக்கம் மூளியாக இருப்பதைக் கண்டேன். பாலன் பிறந்த சமயத்தில் மருந்து அரைக்க நான் இரவல் வாங்கின அதே குழவி, மாரியாயி வீட்டு அம்மிக்குழவி. தாயே, இத்தனை வருஷம் மிளகாயும் மஞ்சளும் அரைத்து எட்டுப் பேருக்குச் சோறு போட்டவள் நீ, உன்னை இங்கே தனியாக நிறுத்தினது எங்கள் பிழை, உன் வேலைக்கே உன்னைக் கொண்டுபோகிறேன், கோபிக்காதே என்று சொல்லி இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மாரியாயி வாசலில் நின்று, தூக்காதே, கை வெளங்காமப் போயிரும் என்று கத்தினாள். அவள் புருஷன் கன்னையா உள்ளேயிருந்து ஓடிவந்து, அட கொண்டாங்க அக்கா, மூணு நாளா இவ வெறும் ரசந்தான் ஊத்துறா, கேட்டா கொழவியக் காணோம்ங்கிறா என்றார். மாரியாயி முறைத்துக்கொண்டே இருக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். குழவியை அம்மியில் வைத்து நானே ஒரு துண்டு மஞ்சள் அரைத்துவிட்டு வந்தேன்.

ஆனி முதல் தேதி வீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு புதுப் பக்கம் பிரித்தேன். சிறு பையன்கள், சிறு பெண்கள், ஆண்கள், பெண்கள், பன்னிரண்டு வயசு தாண்டின கன்னிப் பெண்கள் என்று ஐந்து கட்டம் போட்டு, தினம் நாலரையிலிருந்து ஏழு வரை மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்து, உள்ளே வந்த தலைக்கு ஒரு கோடு போட்டேன். இருபத்தெட்டு நாள். மழை பெய்த மூன்று நாளும் குடை பிடித்துக்கொண்டு போனேன், சேற்றில் பந்து உதைத்தவர்களையும் விடவில்லை. மாரியாயியே வந்து, நீ கீரையப் பாரு அக்கா, அந்த ஓரத்த நான் எண்ணித் தர்றேன் என்று கூட உட்கார்ந்தாள். கூட்டிப் பார்த்தால் மூவாயிரத்து நானூற்று எழுபத்தெட்டு. நாகையா அதை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். நானும் ஜுபைதாவும் இராஜம்மாவும் உன் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுன் ஆபீஸுக்கே போனோம்.

துரைக்குத் தோட்டத்தில் பழகின தமிழ் கொஞ்சம் வருகிறது. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அம்மா, இது நெசக் கணக்கா, வீட்டிலே குந்திப் போட்ட கோடா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தொரை, நீங்க சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் வாங்க, பதினோரு மணிக்கு மட்டும் வராதீங்க, அஞ்சரைக்கு வாங்க என்றேன். உன் அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஆடி மாசம் ஒரு புதன்கிழமை சொன்னபடியே சொல்லாமல் வந்தார். காரை ரோட்டில் நிறுத்திவிட்டுத் திடலைச் சுற்றி நடந்து தானே எண்ணினார். ஜனங்கள் பயந்து கலைந்துவிடுவார்களோ என்று நினைத்தேன், ஒருவர்கூட நகரவில்லை. நூற்று நாற்பத்தொன்று என்றார். அன்றும் நான் கோடு போட்டு வைத்திருந்த நோட்டைக் காட்டினேன், நூற்று நாற்பத்து மூன்று. இரண்டு கூட இருக்குதே என்று என்னைப் பார்த்தார். நான் மேலே கை காட்டினேன். தூங்குமூஞ்சி மரத்துக் கிளையில் இரண்டு வால்பயல்கள் குரங்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். துரை தொப்பியை எடுத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தன் காகிதத்தில் நாற்பத்து மூன்று என்று திருத்திக்கொண்டார். மறுவாரமே முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டார்கள், பலகைக்காரருக்கு ஆற்றுக்கு அந்தண்டை இடம் கொடுத்தாயிற்று.

இனி எழுதப்போவதுதான் உனக்கு நான் எழுத வேண்டியது. திடலுக்கு என்ன வேண்டும் என்று துரை கேட்டனுப்பினார். ஆண்கள் கூடிப் பேசிக் கோல் போஸ்ட் கேட்கச் சொல்லி என்னிடம் சொல்லிவிட்டார்கள். நான் அன்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு கட்டத்தில் கோடு நிறைந்து கிடக்கிறது, ஐந்தாவது கட்டம் இருபத்தெட்டு நாளும் வெறும் சுழியாக இருக்கிறது, பன்னிரண்டு தாண்டின பெண் ஒருத்தியும் ஒரு நாளும் வரவில்லை. கட்டம் போட்டவளும் நான், தினம் சுழி எழுதினவளும் நான், எழுதும்போது அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உனக்குச் சடங்கு சுற்றின மறுநாள் நீ பாவாடையைச் சொருகிக்கொண்டு திடலுக்குக் கிளம்பினாயே, நான் கதவை அடைத்துத் தாழ் போட்டேனே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீ அழவில்லை, பின்கட்டு ஜன்னலில் போய் நின்றுகொண்டாய். கலியாணம் ஆகிக் கப்பல் ஏறுகிற வரை தினம் சாயங்காலம் அங்கேதான் நின்றாய். பெண்பிள்ளை அடக்கமாக இருக்கிறாள் என்று நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

கோல் போஸ்டோடு கூட இரண்டு ஊஞ்சலும் ஒரு தண்ணீர்க் குழாயும், தினம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை பெண்களுக்கென்று ஒரு மணி நேரமும் கேட்டேன். பாலன் குதித்தான், கோல் போஸ்ட் கேக்கச் சொன்னா எங்களையே வெளிய அனுப்பிட்டியேம்மா என்றான். ஒரு மணி நேரந்தானேடா, ஒங்க அக்கா அத்தனை வருஷம் ஜன்னல்லதானே நின்னா என்றேன். உன் அப்பா, சும்மா இருடா, நோட்டு அவ கையில இருக்கு என்று அவனை அடக்கினார்.

நேற்று வந்த முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் அந்த ஐந்தாவது கட்டத்துப் பெண்கள். ஜுபைதாவின் மூத்தவளுக்குப் பதினாறு வயசு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினாள் பார், சீனத் தச்சரின் மனைவி கைதட்டி ஆர்ப்பரித்தாள். முதலில் ஊஞ்சலில் நான்தான் ஏற வேண்டும் என்று இராஜம்மா பிடித்துத் தள்ளினாள். ஏறினேன் செங்கமலம், நாற்பத்தாறு வயசில். மாரியாயி பின்னாலிருந்து உந்தினாள், கொண்டை அவிழ்ந்துவிட்டது, ரோட்டில் நின்ற உன் அப்பா வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறேன் என்று ஊஞ்சலில் இருந்தபடியே வேண்டிக்கொண்டேன்.

உன் பெண் அபிராமிக்குத் தை பிறந்தால் பதினொன்று. நீ போன கடிதத்தில் அவள் குளத்தங்கரையில் பையன்களோடு ஓடுகிறாள், உன் மாமியார் ஏசுகிறார் என்று எழுதியிருந்தாய். அப்போது நானும் அடக்கி வை என்றுதான் பதில் எழுதினேன், அந்த வரியை அடித்துவிடு. அவள் சடங்கானாலும் கதவை அடைக்காதே. உன் மாமியாரிடம் மரியாதையாகவே சொல், சம்பந்தியம்மாள் ஊஞ்சல் ஆடினாள் என்றும் சொல், என்ன சொல்கிறார் பார்ப்போம். குழந்தைக்கு மாசம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுக்க மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை குட்டியோடு நீண்ட ஆயுளாக, தாலி பாக்கியத்தோடு இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம்.

நான் உன்னைத் தடுத்தது தப்பு. அதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதமே. நீ என்ன நினைக்கிறாய், அபிராமியை விளையாட விடுவாயா, இரண்டையும் மறைக்காமல் எழுது. அடுத்த கப்பல் தபாலிலேயே பதில் போடு.

உன் அம்மா
தையல்நாயகி