தண்ணீர் கலக்காத கோப்பை

டிங்காச் சரிவு,
மார்ச் 1953

அன்புள்ள தம்பி ஓர்சாத்துக்கு, அண்ணன் பால்தோ நலம். சிலியில் நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

எழுத்துகள் கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். எழுபத்தொரு வயதுக் கை. திராட்சைக் கொடி வெட்டப் பழகியது, பேனாவுக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் இது நானே எழுதியது, தம்பி! குளிர்காலம் முழுக்கக் கூட்டுறவுக் கட்டடத்தில் கிழவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். முதன்முதலில் என் பெயரை எழுதிய நாளில் கதவு, பீப்பாய், கழுதையின் சேணம் எல்லாவற்றிலும் எழுதிவைத்தேன். உன் பீப்பாயை மட்டும் விட்டுவிட்டேன்.

உன் கொடிகள் நலம். கடலைப் பார்த்த சரிவாயிற்றே, வெயில் வானத்திலிருந்து ஒரு முறையும் தண்ணீரிலிருந்து ஒரு முறையும் அடிக்கிறது. சென்ற ஆண்டு ஒயின் மைபோலக் கறுத்து, குடித்தவன் பல்லெல்லாம் கறை. என் தோட்டம் மலைக்குப் பின்னால், பாதி நாள் நிழலில். அதன் ஒயின் வெளிறித்தான் இருக்கும். நாற்பது வருடமாக இரண்டிலும் குனிவது நான். மதுக்கடையிலோ, “ஓர்சாத்தோட ஒயின்னா ஒயின்தான்யா! பால்தோ, உன்னோடத கழுதைக்கு ஊத்து, அதுவும் யோசிச்சுத்தான் குடிக்கும்” என்கிறார்கள்.

அது பழகிவிட்டது. இது வேறு.

வாசிக்கத் தெரிந்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்தேன். இதுவரை என் மனைவி யேலாதான் எனக்கு அவற்றை வாசித்துக் காட்டியவள். ஒன்பது முடித்துவிட்டேன். ஒன்பதிலும் கடைசியில் ஒரு வரி, அவள் ஒருநாளும் வாசிக்காத வரி: ‘என் பீப்பாயிலிருந்து யேலாவுக்கு ஒரு கோப்பை, தண்ணீர் கலக்காமல்.’

கடிதம் முடிந்ததும் அவள் நிலவறைக்கு இறங்கிப் போவாள். உரக்க வாசித்து நாக்கு வறண்டிருக்கும் என்று நினைத்தேன், முட்டாள். இந்த ஊரில் சாதாரண நாளில் யார் தண்ணீர் கலக்காமல் குடிப்பது? அது கல்யாணத்துக்கும் திருநாளுக்கும்தானே.

கேட்டேன். சிரித்தாள். “என்னைக் கல்யாணம் பேசிட்டுக் கப்பலேறிப் போனவன். அவன் குடுக்குற ஒரு கோப்பையையும் நான் ஏன் விடணும்? பொறாமைப்படத்தான் எழுத்து கத்துக்கிட்டியா கிழவா?” என்றாள்.

உடனே என் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை, தண்ணீர் கலக்காமல், நீட்டினேன். முகம் சுளித்து, “யம்மா, என்ன புளிப்பு!” என்றாள். ஆனாலும் சொட்டு மிச்சம் வைக்கவில்லை. “அவனோடதுலயும் மிச்சம் வச்சதில்ல” என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று இரண்டு நாளாகக் கொடி வெட்டப் போகாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த அறுவடைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வா. உன் சரிவு, உன் வீடு. கழுதையோடு துறைக்கு நானே வருவேன். உன் நெஞ்சும் காலும் அந்த ஏற்றத்தைத் தாங்கக் கடவுள் அருளட்டும். ஆனால் அந்த வரியை இனி எழுதாதே. இந்த வீட்டில் கடிதம் வாசிப்பது இப்போது நான். கோப்பைகளை நிரப்பப்போவதும் நான்தான். உனக்குத் தண்ணீர் கலந்துதான் ஊற்றுவேன்.

இன்னும் இருபத்திரண்டு கடிதங்கள் பாக்கி. வாசித்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
பால்தோ