பறவையின் வாயை யார் மூடுவது?

ரங்கூன், போட்டாதாங்
2009 டிசம்பர், வியாழக்கிழமை

அன்பு மகன் நெல்சனுக்கு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கும்படி ஜெபித்து அப்பா எழுதுவது.

வேறு கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் தங்கை ஜெசி நன்றாக இருக்கிறாள். இது என் கையெழுத்து. கோவிலில் தெரேசா அம்மா சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கி நானும் அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறேன். 'ழ' மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை.

இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியது ஜெசி. அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் மட்டும், "அதெல்லாம் எதுக்குப்பா" என்று எழுதாமல் விட்டுவிடுவாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கேமராவைப் பற்றிய சங்கதி. பறக்கும் பறவை ஒன்றுகூடச் சரியாக வரவில்லை, சும்மா கிடப்பதற்குப் பதில் சிங்கப்பூருக்கு வரும் ஜமாலிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்று போனில் சொன்னாயாம். அன்றைக்கு அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தாமுவேயில் உள்ள ஸ்டூடியோவில் நாளெல்லாம் கல்யாணப் படம் எடுக்கிறவள். இந்தப் பறவைகள்தான் அவளுடைய சொந்த ஆசை.

படகுத்துறை ஜெட்டிக்கு ஸின்யோ கூட்டம் வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும், வெள்ளைக் கடற்காகம். போன வாரம் விடியற்காலையில் நானும் அவளோடு போனேன். எடுத்ததைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நாய்ஸ்பா" என்று முகம் சுளித்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு அந்த வார்த்தை தெரியாதா? மேஸ்திரி தினமும் கத்துவதுதானே, நோ நாய்ஸ் என்று. உடனே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தேநீர்க்கடைக்காரியை டம்ளரைத் தட்டாதே என்றேன். படகுக்காரன் கோ மியிந்திடம் இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஜெட்டியே கப்சிப். ஸின்யோக்கள் மட்டும் கூச்சல். "ஊலே மாமா, மனுஷன் வாயை மூடிட்டீங்க, பறவை வாயை யாரு மூடுறது?" என்று கேட்டான் மியிந்.

ஜெசி சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எனக்கு விளக்கினாள். நாய்ஸ் என்பது சத்தமில்லை, படத்தில் மணல் தூவியதுபோல் மொய்க்கும் புள்ளியாம். இருட்டான இடத்தில்தான் அதிகம் தெரியுமாம். வெளிச்சமான வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிட, வெள்ளைப் பறவை கருத்துப்போகிறது. அதைக் கடைக் கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்தால், ஒளிந்திருந்த புள்ளியெல்லாம் வெளியே வந்துவிடுகிறது.

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். "அப்பா, அண்ணன் ஐ.எஸ்.ஓ.வ இருநூறுக்கு மேல வைக்காதேன்னுச்சு. அதனாலதான் நான் இருட்டா எடுக்குறேன். இருட்டா எடுக்குறதாலதான் புள்ளியே வருது. இன்னைக்கு அண்ணன் பேச்ச மீறப்போறேன், ஏசாதீங்க" என்றாள். அது கேமரா வெளிச்சம் வாங்கும் திறனாம், கூட்டினால் புள்ளி வரும் என்றுதான் நீ சொன்னாயாம்; அதை எண்ணூறில் வைத்தாள். கேமரா கேட்டதைவிட அதிகமாகவே வெளிச்சம் கொடுத்தாள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், சிறகின் அடிப்பக்கம் தெரியணும் என்றாள். நான் ரொட்டித் துண்டை வீசினேன். என் வேலை அவ்வளவுதான்.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பறவையின் கண்ணைப் பார். சிறகு அசங்கவில்லை. அடியில் இருக்கும் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். வானத்தில் புள்ளி கொஞ்சம் இருக்கிறதாம். நான் விரலால் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. கோவிலில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். தெரேசா அம்மா இரண்டு தரம் வாங்கிப் பார்த்தார்கள். மூலையில் இருக்கும் கைரேகை மியிந்துடையது.

உன்மேல் குறை சொல்லவில்லை, மகனே. தூரத்தில் இருந்துகொண்டு தங்கைக்கு நல்லதென்று நினைத்துத்தான் சொன்னாய். சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிடு. இருமல் இன்னும் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை ஜமால் புறப்படுகிறான். அண்ணன் சொன்ன சொல் என்று ஜெசி கேமராவைத் துடைத்துத் துணியில் சுற்றி மேசைமேல் எடுத்து வைத்துவிட்டாள். அதை நான் என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ஜமால் கையில் இந்தக் கடிதமும் படமும் மட்டும்தான் வரும்.

படம் நன்றாக இருக்கிறது என்று எழுதுவதானால் அவள் பெயருக்கு எழுது. கேமராவைத் திருப்பிக் கேட்பதானால் என் பெயருக்கு எழுது. இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

தேவ கிருபை உன்னோடு இருப்பதாக.

உன் அப்பா,
ஏசுரத்தினம்