வாளி நிறைய ஐஸ்

அன்புள்ள அம்மா,

செவ்வாய்க்கிழமை கோச் கேட்டபோது ஷவோனின் கணுக்காலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இதை முதலில் எழுதினால்தான் உங்கள் இரத்த அழுத்தத்தையும் அப்பாவின் இருமலையும் நிம்மதியாக விசாரிக்க முடியும். இருவரும் நலம்தானே?

ஷவோன் என் அறைத்தோழி. கூடைப்பந்து அணியில் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டான நான் கொடுக்கும் பந்தைக் கூடையில் போடுபவள். என் முழங்கால் வீங்கியதிலிருந்து தினமும் மாலையில் அவள்தான் வாளி நிறைய ஐஸ் கொண்டுவருவாள். அவளுடைய கணுக்காலுக்கு நான் கட்டுப் போடுவேன். வெளியே தெரிந்தால் அணியில் இடம் போய்விடும் என்று இருவரும் மறைத்தோம்.

"தினம் ஒரு வாளி ஐஸாமே? எத்தனை வாரமா மறைக்கிறே?" என்றார் கோச். வாளியைப் பற்றி அறிந்தவள் ஒருத்திதான். "வேற யாருக்காவது காயம் இருக்கா?"

"எனக்குத் தெரியாது கோச்."

அன்றே என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் பெட்டி கட்டும்போது ஷவோன் கதவருகே நின்றாள். "உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

"அப்போ ஐஸை ஏன்டி அவ்வளவு அன்பா தூக்கிட்டு வந்தே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

கவலைப்படாதீர்கள். டுலூத் நகரில் ஓர் அணி பத்து நாள் ஒப்பந்தத்தில் என்னை எடுத்திருக்கிறது. இது என் ஏழாவது அணி. பழைய கம்பளிக் கோட்டையும், அப்பா காய்ச்சும் மிளகாய் சாஸ் ஒரு பாட்டிலும் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் நாலு வரியும் வையுங்கள். இங்கே எனக்குத் தனி அறை. பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ரெனே

பி.கு. சனிக்கிழமை பழைய அணியில் என் இடத்தில் ஆடியவள் ஷவோனின் கல்லூரித் தோழி. என் கட்டிலும் அவளுக்கே.